எழுத்துப்பூர்வ கேள்விகளில் எம்.பி.க்கள் கோட்டைவிடும் இடங்கள்

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் என்றதும் நம் கண்ணில் படுவது கூச்சல், பதாகை, வெளிநடப்பு. ஆனால் அவை கூடிய பத்தாவது நிமிடத்தில் ஒத்திவைக்கப்படும் நாளில்கூட ஒரு வேலை சத்தமில்லாமல் நடந்துவிடும். மக்களவையில் 230 வரை, மாநிலங்களவையில் 160 வரை நட்சத்திரக் குறியிடாத கேள்விகள், எழுத்துப்பூர்வ பதில்களோடு அவையில் வைக்கப்பட்டு இணையத்தில் ஏறிவிடும். நட்சத்திரக் குறியிட்டவை மக்களவையில் நாளொன்றுக்கு 20தான், அவற்றிலும் பெரும்பாலும் நாலைந்துக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும்.

இருந்தாலும் எம்.பி. அலுவலகங்களில் நட்சத்திரக் கேள்விக்கு இருக்கும் மவுசு எழுத்துக் கேள்விக்கு இல்லை. குலுக்கலில் நட்சத்திரம் விழுந்தால் கொண்டாட்டம், விழாவிட்டால் "சரி, ஏதோ ஒரு பதில் வரும்" என்ற அலட்சியம். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் எழுத்துக் கேள்விதான் உண்மையில் கஷ்டமானது. வாய்மொழிப் பதிலில் அமைச்சர் நழுவினால் துணைக் கேள்வி போட்டு மடக்கலாம், எழுத்தில் அந்த வசதி கிடையாது. அவர் நழுவக்கூடிய வழிகளை எல்லாம் கேள்வியை எழுதும்போதே யோசித்து அடைத்துவிட வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் அடைக்காமல் விட்ட வழிகளைப் பற்றித்தான். எம்.பி.க்களுக்குக் கேள்வி தயாரித்துக் கொடுக்கும் உதவியாளர்களும், தங்கள் எம்.பி. மூலம் ஒரு விஷயத்தைக் கேட்க வைக்க நினைக்கும் அமைப்புகளும் இதைக் கவனிக்கலாம்.

ஒரு சொல்லில் தப்பித்துவிடுவார்கள்

2021 பிப்ரவரியில் சமூக நீதி அமைச்சகம் மக்களவையில் தந்த பதில் இது: 2020 டிசம்பர் 31 வரையிலான ஐந்து ஆண்டுகளில் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும்போது 340 பேர் இறந்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் அதே அமைச்சகம் மாநிலங்களவையில் சொன்னது: கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. படித்தவர்கள் கொதித்துப்போனார்கள், நியாயம்தான். ஆனால் சட்டப்படி பார்த்தால் இரண்டு பதிலும் நிற்கும். கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதை ஒரு வகையாகவும், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை இன்னொரு வகையாகவும் தனித்தனியே வரையறுத்திருக்கிறது. கேள்வியில் முதல் வகையின் பெயர் இருந்தால் பதில் பூஜ்யம், இரண்டாவது வகையின் பெயர் இருந்தால் நூற்றுக்கணக்கான சாவுகள். கேள்வி எழுதுபவர் சட்டத்தின் வரையறைப் பிரிவைத் திறந்து ஐந்து நிமிடம் படித்தால் போதும், இரண்டு வகையையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்டுவிடலாம்.

இதன் இன்னொரு வடிவம் காரணத்தைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுவது. 2021 ஜூலை 20 அன்று, இரண்டாவது அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த இறப்புகள் பற்றி மாநிலங்களவையில் கேட்கப்பட்டதற்கு சுகாதார அமைச்சகம் தந்த பதில் எல்லோருக்கும் நினைவிருக்கும்: ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்களோ யூனியன் பிரதேசங்களோ குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. "குறிப்பாக" என்ற அந்த ஒரு சொல்லில்தான் மொத்தப் பதிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இப்படிக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வொரு மாநிலமும் எந்தத் தேதியில் எத்தனை டன் ஆக்சிஜன் கேட்டது, எத்தனை டன் ஒதுக்கப்பட்டது, எத்தனை டன் போய்ச் சேர்ந்தது, அப்புறம் இறப்புகளைத் தெரிவிக்க மாநிலங்களுக்குக் கொடுத்த படிவத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறையைக் குறிக்க ஒரு கட்டமாவது இருந்ததா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் "தெரிவிக்கவில்லை" என்ற பதிலின் யோக்கியதை தானாகவே வெளுத்துவிடும்.

"எப்போது முடியும்?" என்று கேட்காதீர்கள்

மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று 2015 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது, 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார், ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்திடம் கடன் வாங்குவது என்று முடிவானது, 1,264 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்ட திட்டச் செலவு 1,977.80 கோடியாக ஏறியது. இது பற்றிய ஒரு வழக்கமான கேள்வி இப்படித்தான் இருக்கும்: "(அ) மதுரை எய்ம்ஸ் பணிகள் தாமதமாவது அரசுக்குத் தெரியுமா, (ஆ) ஆம் எனில் அதன் விவரங்கள் என்ன, (இ) பணிகளை விரைவுபடுத்த எடுத்த நடவடிக்கைகள் என்ன, (ஈ) எப்போது முடியும்?" இதற்கு என்ன பதில் வரும் என்பதை நீங்களே எழுதிவிடலாம்: அடிக்கல் நாட்டிய கதை, கடன் ஒப்பந்தக் கதை, பணிகள் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன என்று ஒரு வரி.

அதையே இப்படிக் கேட்டால்? "(அ) நிதியாண்டு வாரியாக ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகை, செலவான தொகை ஆகியவை தனித்தனியாக, (ஆ) டெண்டர் கோரிய தேதி, பணி ஆணை வழங்கிய தேதி, ஒப்பந்தப்படி முடிக்க வேண்டிய தேதி, (இ) செலவு மதிப்பீடு எத்தனை முறை, எந்தத் தேதிகளில் திருத்தப்பட்டது, (ஈ) அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் நிரம்பியவை எத்தனை?" இதில் அமைச்சர் பெருமை பேச இடமே இல்லை. பதிலாகத் தேதியும் தொகையும் எண்ணும்தான் வந்தாக வேண்டும். ஏதாவது ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் எது வரவில்லை என்பது பளிச்சென்று தெரியும்.

"ஆம் எனில் விவரங்கள் என்ன, இல்லை எனில் காரணம் என்ன" என்ற அந்தப் பழைய வாய்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, அதனால் அதிகம் பயனடைந்தவர்கள் அதிகாரிகள்தான். "விவரங்கள்" என்று சொல்லிவிட்டால் எந்த விவரத்தைத் தருவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்கள் கைக்குப் போய்விடுகிறது.

இன்னொன்று, ஒரே கேள்வியில் நான்கைந்து வேறு வேறு விஷயங்களைத் திணிப்பது. பதிலைத் திறந்தால் "(அ) முதல் (உ) வரை:" என்று ஒரே மொத்தையாக மூன்று பத்தி இருக்கும், அதில் எந்த வரி எந்த உட்பிரிவுக்கான பதில் என்று தேடவே முடியாது. சங்கடமான உட்பிரிவு நடுவில் எங்கேயோ காணாமல் போயிருக்கும். உட்பிரிவுகள் எல்லாம் ஒரே விஷயத்தின் எண்களாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது. கட்சி எம்.பி.க்கள் ஐந்து பேர் ஒரே கேள்வியை நகலெடுத்துக் கொடுப்பதும் இதற்குச் சளைத்ததில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் செயலகம் ஒன்றாகச் சேர்த்து ஐந்து பெயரையும் ஒரே கேள்வியின் தலையில் போட்டுவிடும். ஆளுக்கு ஒன்றாக, நிதியை ஒருவர், டெண்டரை ஒருவர், பணியிடங்களை ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

யாரிடம் கேட்கிறீர்கள்?

2020 செப்டம்பரில் கொரோனாவால் கேள்வி நேரமே இல்லாமல் ஒரு கூட்டத்தொடர் நடந்தது, எழுத்துக் கேள்விகள் மட்டும் இருந்தன. முதல் நாளே, ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தொழிலாளர் நல அமைச்சகம் அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை என்றது. குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்றால், மேற்சொன்ன பதிலைக் கருதி அந்தக் கேள்வியே எழவில்லை! ஆனால் அதே வாரத்தில், தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச்சென்ற ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணத்தின்போது எத்தனை பேர் இறந்தார்கள் என்று ரயில்வேயிடம் கேட்டபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று எண் வந்தது. ரயிலில் ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்தால் ரயில்வே போலீஸ் வழக்குப் பதிவு செய்தாக வேண்டும், அதனால் அங்கே பதிவேடு இருந்தது. எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேடு இருக்கும் என்று யோசித்துவிட்டு, அந்தப் பதிவேட்டைப் பார்த்துக் கேட்பதுதான் சூட்சுமம்.

இலங்கைக் கடற்படை கைது செய்த மீனவர்கள், பிடித்துவைத்த படகுகள் பற்றிய கணக்கை மீன்வளத் துறையிடம் கேட்டுப் பயனில்லை, வெளியுறவு அமைச்சகத்திடம் கேட்க வேண்டும். தவறான அமைச்சகத்துக்குப் போன கேள்வி மாற்றப்படும், அல்லது உப்புச் சப்பில்லாத பதிலோடு திரும்பும். அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் என்பதால் ஒரு வாரம் போனால் போனதுதான்.

"இது மாநிலப் பட்டியலில் வருகிறது" என்பது இன்னொரு தயார்நிலைப் பதில். காவல், பொது ஒழுங்கு, சுகாதாரம் எது கேட்டாலும் ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரங்களைப் பிரித்துத் தரும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்து நீட்டுவார்கள். அதனால் மாநிலம் என்ன செய்தது என்று கேட்காமல் ஒன்றிய அரசு தன் கையால் செய்ததை மட்டும் கேளுங்கள்: மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதங்களின் தேதி, விடுவித்த நிதி, திரும்பி வந்த பயன்பாட்டுச் சான்றிதழ்கள், நடத்திய ஆய்வுக் கூட்டங்கள். இவை எதுவும் மாநிலப் பட்டியலில் வராது.

"தரவு இல்லை" என்று வந்தால் சோர்ந்துவிடவும் வேண்டாம், அது கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்புதல். அடுத்த கேள்வி அந்தத் தரவைத் திரட்டும் பொறுப்பு எந்தச் சட்டப்படி யாருக்கு என்பதாக இருக்கட்டும்.

விதிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மக்களவை நடைமுறை விதி 41 எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறது: வழக்கமாக 150 சொற்களுக்கு மிகக்கூடாது, வாதமும் கிண்டலும் குற்றச்சாட்டும் கூடாது, கருத்து கேட்கக்கூடாது, கற்பனைச் சூழல் கூடாது, ஏற்கெனவே பதில் சொன்னதையும் எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் இருப்பதையும் திரும்பக் கேட்கக்கூடாது. மேடைப் பேச்சைக் கேள்வியாக மாற்றி அனுப்புபவர்கள் இங்கேயே விழுந்துவிடுகிறார்கள். முழுதாகப் பதினைந்து நாள் முன்னால் நோட்டீஸ் போக வேண்டும் என்பதால், இன்று காலைச் செய்தித்தாளில் வந்ததை அடுத்த வாரம் கேட்கலாம் என்ற கணக்கும் செல்லாது.

கேள்வியை வெளியாள் கையில் கொடுப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பர் 23 அன்று மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர் என 11 எம்.பி.க்கள் ஒரே நாளில் பதவியிழந்தார்கள். 2023 டிசம்பரில் திரிணமூல் காங்கிரஸ் எம்.பி. மஹுவா மொய்த்ரா மக்களவையிலிருந்து நீக்கப்பட்டபோது, பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டதை அவர் மறுத்தார், ஆனால் கேள்விகளைப் பதிவிடும் தளத்தின் கடவுச்சொல்லை வேறொருவரிடம் கொடுத்ததை ஒப்புக்கொண்டிருந்தார். நிபுணர்களிடம் யோசனை கேட்பது வேறு, அவர்களையே பதிவிடச் சொல்வது வேறு.

பதில் வந்த பிறகு

என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது: பதில் வந்ததும் அதைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுவது. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் அது சட்டென்று உறுதிமொழியாகிவிடுகிறது. மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகளுக்கென்றே ஒரு குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் உறுதிமொழியை நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. நிறைவேற்ற முடியாது, கைவிட்டுவிடுகிறோம் என்று அமைச்சகங்கள் அந்தக் குழுவிடம் கேட்பதும் உண்டு, அங்கே உங்கள் கேள்வி செத்துக்கொண்டிருப்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கும். மூன்று மாதம் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்துக் குழுவுக்கு எழுதும் எம்.பி. அலுவலகங்கள் அபூர்வம்.

பதில் திருப்தியில்லை என்றால் விதி 55இன் கீழ் அரை மணி நேர விவாதம் கோரலாம். பதிலில் தகவல் பிழை என்றால் சபாநாயகரின் வழிகாட்டு நெறி 115 இருக்கிறது, அதன்படி அமைச்சர் சொன்னதில் உள்ள தவறைச் சுட்டிக்காட்டி எழுதலாம். இன்னொரு எளிய வழி, போன வருடத்துப் பதிலையும் இந்த வருடத்துப் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இணைப்பாக வரும் மாநில வாரி அட்டவணையில் ஒரு எண் குறைந்திருந்தால், எந்தத் தேதியில் எந்த அடிப்படையில் குறைந்தது என்று அடுத்த கேள்வி தயார்.

முந்த்ரா விவகாரம் அப்படி விடாமல் பிடித்ததால்தான் வெளியே வந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தனியார் முதலாளியின் நிறுவனங்களில் போடப்பட்டது பற்றி 1957 செப்டம்பரில் மக்களவையில் கேள்வி கேட்டபோது பிடிகொடுக்காத பதில்தான் வந்தது. நவம்பரில் திரும்பவும் கேட்டார்கள். டிசம்பரில் ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தியே எழுந்து, பங்குகளை வாங்கிய விலையையும் தேதியையும் வைத்துக்கொண்டு பேசினார். சாக்ளா விசாரணை ஆணையம் அமைந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். செப்டம்பரில் கிடைத்த முதல் பதிலோடு கோப்பை மூடியிருந்தால் அவர் பதவியில்தான் இருந்திருப்பார்.