காதில் தெளிவாக விழாத சொல்: மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2008-இல் ஒரு நோயாளியை மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றினார்கள். கூடவே போன டிஸ்சார்ஜ் சம்மரியில் லெவிமிர் இன்சுலின் 8 யூனிட் என்று இருக்க வேண்டிய இடத்தில் 80 யூனிட் என்று இருந்தது. அதன்படியே ஊசி போடப்பட்டது, நோயாளி பிழைக்கவில்லை. 2012 டிசம்பரில் ஜூரி விதித்த இழப்பீடு 140 மில்லியன் டாலர். டாக்டர் பேசிப் பதிவு செய்த அந்த டிக்டேஷன் டைப் செய்யப்பட்டது இந்தியாவில். டாக்டரின் குரல் பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் இந்த வேலைதான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்.

80 யூனிட் என்பது பார்த்ததும் தப்பென்று தெரிகிற எண் அல்ல. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத சில நோயாளிகளுக்கு அந்த அளவு கொடுப்பதும் உண்டு. புரியாத சொல்லை எம்.டி.க்கள் (மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்டுகள்) ஊகித்து எழுதும்போது வருகிற ஆபத்து இதுதான். உளறலாக எழுதினால், எழுதியதைச் சரிபார்க்கும் கியூ.ஏ. பிடித்துவிடுவார். பொருத்தமாக எழுதிய தப்பு யார் கண்ணிலும் படாமல் நோயாளியின் கோப்பு வரை போய்விடும்.

அதே அரை வினாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது

ஒரு சொல் பிடிபடவில்லை என்றதும் ஆடியோவை ஓட்டும் பெடலை மிதித்து அதே இடத்தைப் பத்துப் பதினைந்து தடவை கேட்பார்கள். மூன்று தடவைக்குப் பிறகு காது புதிதாக எதையும் கேட்பதில்லை. முதலில் என்னவென்று நினைத்ததோ அதையே இன்னும் உறுதியாக்கிக்கொள்கிறது. நேரத்தைக் குறித்து, இடம் விட்டு, மேலே போய்விடுங்கள். நோய் வரலாற்றில் டாக்டர் மென்று முழுங்கிய மருந்துப் பெயர் மருந்துப் பட்டியலிலோ, அடுத்த சிகிச்சையைச் சொல்லும் பிளானிலோ நிதானமாக வரும். சிலர் கடைசியில் எழுத்துக்கூட்டியே சொல்வார்கள். ஃபைல் முழுவதும் கேட்டு முடித்துத் திரும்பும்போது சொல்லுக்கு ஐந்து வினாடி முன்னாலிருந்து ஓட்டுங்கள். தனியாகக் கேட்டால் வெறும் ஓசையாக இருப்பது வாக்கியத்தோடு வரும்போது சொல்லாகிவிடும்.

வேகத்தை ஒரேயடியாகக் குறைப்பதும் உதவாது. 50 சதவீதத்துக்கு இறக்கினால் மெய்யெழுத்துகள் இழுபட்டுக் கரைந்துவிடும். 80, 85 சதவீதமே போதும். இழுத்து இழுத்துப் பேசும் டாக்டருக்கு 110-க்கு ஏற்றிப் பாருங்கள், சட்டென்று புரியும். ஒலியளவை முழுக்க ஏற்றினால் ஒலி உடைந்து கரகரக்கும். அதற்குப் பதில் பேஸைக் குறைத்து டிரெபிளைக் கூட்டுங்கள். ஏ.சி. இரைச்சலும் கார் சத்தமும் கீழ் அலைவரிசையில் இருப்பவை. எஸ், எஃப், டி போன்ற ஓசைகள் மேலே இருப்பவை.

கேட்ட ஓசையை வைத்தே அகராதியைத் தேடுவது

‘சைஃபாய்டு’ என்று கேட்டு எஸ்ஸிலும் இசட்டிலும் தேடினால் கிடைக்காது. அது எக்ஸில் தொடங்குகிறது. ‘டோசிஸ்’, ‘சோவாஸ்’ இரண்டும் பி-யில். ‘யூதைராய்டு’ இ-யில். கழுத்து ரத்தக்குழாயில் கேட்கும் ‘ப்ரூயி’க்குக் கடைசியில் ஓர் ஐ, ஒரு டி உண்டு. தேடியது கிடைக்கவில்லை என்றதும் கிடைத்த பக்கத்துச் சொல்லைப் போட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் தப்பு. சொல்லின் பின்பாதி தெளிவாக இருந்தால் முன்பாதிக்கு நட்சத்திரக் குறி போட்டு, அதை வைத்து வைல்டு கார்டு தேடல் போடுங்கள்.

பேச்சு வழக்குச் சுருக்கங்கள் இன்னொரு பக்கம். இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சையின் சுருக்கமான CABG-ஐ அமெரிக்க டாக்டர்கள் ‘கேபேஜ்’ என்பார்கள். நோயாளிக்கு 2003-இல் முட்டைக்கோஸ் வைத்ததாக எழுதுவது புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது விழும் குழி. ‘க்ரிட்’ என்றால் ஹெமட்டோக்ரிட், ‘டிஜ்’ என்றால் டிகாக்சின், ‘லைட்ஸ்’ என்றால் எலக்ட்ரோலைட்ஸ். இவை சிரித்துவிட்டுத் திருத்தக்கூடியவை. காயத்தின் மேல் ஒட்டும் பட்டைகளான ‘ஸ்டெரி-ஸ்ட்ரிப்ஸ்’ என்பதை ‘ஸ்டெரைல் ஸ்ட்ரிப்ஸ்’ என்று எழுதினால் சிரிப்பு வராது, அதனால் திருத்தமும் வராது.

மருந்துப் பெயரும் அளவும்

ஒமெப்ரசோல் என்ற வயிற்று அமில மருந்து அமெரிக்காவில் முதலில் லோசெக் என்ற பெயரில் வந்தது. லேசிக்ஸ் என்ற சிறுநீர் பெருக்கும் மருந்தோடு குழம்பியதால் 1990-இல் பிரைலோசெக் ஆயிற்று. பிரின்டெலிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்து பிரிலின்டா என்ற இதய நோய் மருந்தோடு குழம்பியதால் 2016-இல் டிரின்டெலிக்ஸ் ஆயிற்று. எழுதிக் கொடுத்த டாக்டரும் எடுத்துக் கொடுத்த பார்மசிஸ்டுமே தடுமாறிய பெயர்கள் இவை. ஹெட்போனில் ஒருமுறை கேட்டதை அப்படியே நம்புவதற்கு நமக்கு என்ன தனிக் காதா இருக்கிறது?

சரிபார்க்க முதல் வழி, அந்த மருந்து எந்தெந்த அளவுகளில் விற்கிறது என்று பார்ப்பது. அமெரிக்க அரசின் டெய்லிமெட் தளத்தில் ஒவ்வொரு மருந்தின் லேபிளும் கிடைக்கிறது. மெலாக்சிகாம் மாத்திரை 7.5, 15 மில்லிகிராம்களில் வருகிறது. ‘ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா’ என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களிலும் இது உதவும்: குளோனிடின் மாத்திரை 0.1, 0.2, 0.3, குளோனோபின் 0.5, 1, 2 மில்லிகிராம். எண் தெளிவாக இருந்தால் பெயரும் தெளிவாகும். விநோதமாக இருக்கிறதே என்று எண்ணை ‘நேராக்குவது’ இதற்கு நேரெதிர்த் தப்பு. லெவோதைராக்சினில் 88, 112, 137 மைக்ரோகிராம் மாத்திரைகள் நிஜமாகவே உண்டு. அதை 100 ஆக்கவும் கூடாது, மைக்ரோவை மில்லி ஆக்கவும் கூடாது.

இந்த வழியிலும் ஒரு பொறி இருக்கிறது. பெயரும் மங்கல், எண்ணும் மங்கல் என்றால் ஒன்றை வைத்து மற்றொன்றை நிரூபிக்க முடியாது. செலிப்ரெக்ஸில் 200, 400 உண்டு. செலெக்சாவில் 20, 40 உண்டு. ‘செலெக்சா என்றுதான் கேட்கிறது, அப்படியானால் 20-தான்’ என்று முதலில் முடிவுகட்டி, பிறகு ‘20 என்பதால் செலெக்சாதான்’ என்று நிம்மதியடைவது வெறும் ஊகத்தின் மேல் ஊகம். மூட்டு வலி (செலிப்ரெக்ஸ்), மனச்சோர்வு (செலெக்சா) என்று ஏதாவது ஒன்று ஃபைலில் வேறிடத்தில் இருந்தால்தான் வழி பிறக்கும்.

சில ஜோடிகளில் அளவும் கைகொடுக்காது. ஹைட்ராக்சிசின், ஹைட்ராலசின் இரண்டிலும் 10, 25, 50 மில்லிகிராம் மாத்திரைகள் உண்டு. இரண்டையும் ஒரு நாளைக்கு மூன்று முறை கொடுப்பார்கள். முன்னது அரிப்புக்கும் பதற்றத்துக்கும், பின்னது ரத்த அழுத்தத்துக்கும். அரிப்பு மட்டுமே உள்ள நோயாளி என்றால் ஒரு திசை தெரியும். ரத்த அழுத்தமும் அரிப்பும் சேர்ந்தே இருக்கிறவர் என்றால் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அங்கே பிளாங்க்தான், அதாவது வெற்றிடம்தான்.

நம் ஊர்ப் பெயர்ப் பழக்கமும் இங்கே குறுக்கே வரும். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். கிளிபென்கிளமைடு அங்கே கிளைபுரைடு; அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் காதில் அது கிளிபிசைடு என்று விழ வாய்ப்பு அதிகம். இரண்டுமே சர்க்கரை நோய் மாத்திரை என்பதால் சூழலை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

சின்னச் சொற்கள்

பெரிய சொற்களுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்பவர்கள் ‘நோ’வைக் கோட்டை விடுவார்கள். குரல் கேட்டால் மட்டும் பதிவாகும் ரெக்கார்டர் ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் முதல் அசையைத் தின்றுவிடும். ‘நோ செஸ்ட் பெயின்’ என்பதில் ‘செஸ்ட் பெயின்’ மட்டும் மிஞ்சும். வாக்கியம் பாதியில் தொடங்கியது போல ஒலித்தால் சந்தேகப்படுங்கள்.

‘ஏஃபெப்ரைல்’ என்றால் காய்ச்சல் இல்லை; அதையே ‘எ ஃபெப்ரைல்’ என்று பிரித்தால் காய்ச்சல் வந்துவிடும். வைட்டல்ஸில் வெப்பநிலை 98.6 என்று இருந்தால் முன்னது. அதிகத்தைக் குறிக்கும் ‘ஹைப்பர்’, குறைவைக் குறிக்கும் ‘ஹைப்போ’வுக்கும் இதே மாதிரி எண்கள் உண்டு: ரத்த அழுத்தம் 84/50 என்று சொன்னவர் அடுத்த வரியில் ஹைப்பர்டென்ஷன் என்கிறாரா என்று நின்று கேளுங்கள். பழைய நோயாக அவர் அதைச் சொல்லவும் இடமுண்டு என்பதால் எண்ணை மட்டும் பார்த்து மாற்றிவிடாதீர்கள். டிஸ்ஃபேஜியா விழுங்கும் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சுச் சிரமம். பக்கவாத நோயாளியிடம் இரண்டும் இருக்கலாம், ஸ்பீச் தெரபிஸ்ட் இரண்டையும் பார்ப்பார். எனவே ‘ஸ்பீச்’ என்ற சொல் துப்பு ஆகாது. பேரியம் பரிசோதனை, கெட்டியாக்கிய திரவ உணவு என்று பக்கத்தில் வந்தால் அது விழுங்குவது பற்றியது.

சாம்பிளைப் பார்த்து எழுதுவது

ஒரே டாக்டரின் பழைய ரிப்போர்ட் கிடைத்தால் பாதிக் குழப்பம் தீரும். அவர் வழக்கமாகச் சொல்லும் தையல் நூல், கருவி, வாக்கிய அமைப்பு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் உடல் பரிசோதனைப் பகுதி வந்ததும் கை தானாகவே ‘நோ மர்மர்ஸ், ரப்ஸ் ஆர் கேலப்ஸ்’ (இதயத்தில் அசாதாரண ஓசை எதுவும் இல்லை) என்று ஓடும். இந்த நோயாளிக்கு மட்டும் அவர் ‘2/6 மர்மர்’ என்று சொல்லியிருப்பார். சாம்பிள் எழுத்துக்கூட்டுக்குத்தான், பரிசோதனையில் கண்டதை எழுதுவதற்கு இல்லை.

ஸ்பீச் ரெகக்னிஷன் தரும் டிராஃப்டைத் திருத்தும் வேலையிலும் இதே சிக்கல்தான். டிராஃப்டைப் படித்துவிட்டுக் கேட்டால் அதில் இருப்பதுதான் காதில் விழும். மென்பொருளுக்கு எழுத்துப் பிழை வராது, வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகும்; சில சமயம் யாரும் பேசாத இடத்தில்கூட ஒரு வரி முளைத்திருக்கும். மருந்து, எண், இடது வலது வரும் இடங்களில் முதலில் கண்ணை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பிறகு திரையைப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்பது

‘இந்த வார்த்தை என்னன்னு யாராவது சொல்லுங்களேன்’ என்று பத்து வினாடி ஆடியோவைப் போட்டால், நோயாளியின் தகவலை வெளியே விட்டதாக ஆகும். நோயாளியின் தகவலைப் பாதுகாக்க 1996-இல் அமெரிக்காவில் வந்த ஹிப்பா சட்டத்தின்படி இது மீறல். பெயர் இல்லையே என்பது சமாதானம் ஆகாது; பிறந்த தேதியோ ஊரோ அந்தப் பத்து வினாடிக்குள் இருக்கலாம். நிறுவனத்துக்குள், அந்த ஃபைலைப் பார்க்க அனுமதி உள்ளவரிடம் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்காதீர்கள்; ‘லாமிக்டால்தானே?’ என்று கேட்டால் அவருக்கும் லாமிக்டால்தான் கேட்கும்.

பிளாங்க் விடப் பயப்படுவது

பிளாங்க் அதிகமானால் மதிப்பெண் குறையும் என்ற பயமும், டி.ஏ.டி. (ஃபைலை முடித்துத் தர வேண்டிய கெடு) நெருக்கடியும், 65 எழுத்து ஒரு வரி என்று எண்ணித் தரும் சம்பளமும் சேர்ந்துதான் பல ஊகங்களை எழுத வைக்கின்றன. பிளாங்கிலும் நல்லது கெட்டது உண்டு. ஒரு சொல்லுக்காக முழு வாக்கியத்தையும் விடுவது கெட்ட பிளாங்க். நேரமும் குறிப்பும் இல்லாமல் வெறும் கோடு போடுவதும் அப்படியே. குறிப்பு இப்படி இருந்தால் கியூ.ஏ. அரை நிமிடத்தில் முடிப்பார்:

‘____ 25 மி.கி., ஒரு நாளைக்கு 3 முறை. நேரம் 02:14. ஹைட்ராக்சிசின் அல்லது ஹைட்ராலசின். நோயாளிக்கு அரிப்பு, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு.’

டாக்டரே முன்னால் இடது முழங்கால் என்றும் பின்னால் வலது என்றும் தெளிவாகச் சொன்னால் அது பிளாங்க் விஷயம் அல்ல. சொன்னபடியே இரண்டையும் எழுதி, இரண்டு இடங்களின் நேரத்தையும் போட்டு ஃபிளாக் செய்யுங்கள். எது சரி என்று எம்.டி. தீர்மானிக்கக் கூடாது, எண்ணிக்கையில் மூன்று இடது, ஒரு வலது என்றாலும்கூட.

பிளாங்க் நிரம்பித் திரும்பி வரும் ஃபைலைத் திறந்தே பார்க்காமல் விடுவது, மேலே சொன்ன எல்லாவற்றையும் மறுபடி செய்ய வைக்கும் தப்பு. ஃபீட்பேக் வந்ததும் அதே நேரத்துக்குப் போய், சரியான சொல்லைக் கண்முன் வைத்துக்கொண்டு ஒருமுறை ஆடியோவைக் கேளுங்கள். பிறகு டாக்டரின் அடையாள எண், அவர் வாயில் அது ஒலித்த விதம், சரியான எழுத்து மூன்றையும் நிறுவனத்துக்குள் இருக்கும் உங்கள் பட்டியலில் ஒரு வரியாகச் சேருங்கள். நோயாளி பற்றி எதுவும் அதில் வேண்டாம்.