நிச்சயதார்த்தக் காட்சியைத் திருத்திய அனுபவம்

இடைக்கால ஐரோப்பிய அரச குடும்பம் ஒன்றைப் பற்றி நான் எழுதிவந்த நாவலில், நிச்சயதார்த்தக் காட்சி மட்டும் பலமுறை திருத்தியும் உயிரற்றே கிடந்தது. எழுதும்போது கேட்ட பாடல்களின் சொற்கள் என் உரையாடல்களுக்குள் புகுந்துவிடுவதை உணர்ந்து, குரலற்ற திரைப்படப் பின்னணி இசைக்கு மாறினேன். வாக்கியங்கள் நிதானம் பெற்றன.

ஆனால் பெரிய பிழை வேறிடத்தில் இருந்தது. நிச்சயத்தையே திருமணமாக நான் எழுதியிருந்தேன். அக்காலத் திருச்சபைச் சட்டமோ, 7 வயது முதல் அளிக்கத்தக்க ‘மணப்பேன்’ என்னும் வாக்குறுதியையும், பெண் 12 வயதையும் ஆண் 14 வயதையும் எட்டியபின் தரும் ‘மணக்கிறேன்’ என்னும் சம்மதத்தையும் தெளிவாகப் பிரித்தது. கதை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான முதலாம் ரிச்சர்டுக்கு 1169-இல் நிச்சயிக்கப்பட்ட பிரெஞ்சு இளவரசி அலிஸ், சிறுமியாகவே ரிச்சர்டின் குடும்பத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார். 1191-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அதைப் படித்தபோது என் மனம் கனத்தது.

விழாவை ஒரு பக்கமாகச் சுருக்கி, அந்நிய அரண்மனையில் வளரும் என் நாயகியின் காத்திருப்பை மூன்று அத்தியாயங்களாக விரித்தேன். தாழ்ந்த சுருதியில் நீளும் செல்லோ இசை அவற்றை எழுதி முடிக்கும்வரை துணை நின்றது.