புதிதாகத் தலைமையாசிரியர் ஆகியிருக்கிறீர்களா? முதல் வருடத்தை இப்படித் தொடங்குங்கள்

பதவி உயர்வுக் கலந்தாய்வு முடிந்ததும் என்னோடு வேலை பார்த்த இளையவர்கள் போன் செய்வார்கள். "டீச்சர், எச்.எம். ஆயிட்டேன். பிள்ளைங்களுக்கு உருப்படியா ஏதாவது செய்யணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" சுவருக்குப் பெயின்ட், ஸ்மார்ட் வகுப்பு, ஆண்டு விழா என்று மனத்தில் ஒரு பட்டியலும் இருக்கும். அதெல்லாம் பிறகு. முதல் மாதம் வருகைப் பதிவேட்டைப் படியுங்கள். விழுப்புரம் மாவட்ட அரசுப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

தினமும் வருகையைப் பதிகிற எமிஸ் செயலியில் இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரியும். யார், எந்தெந்த நாளில் வரவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மூன்று மாதப் பக்கங்களை மேசையில் வரிசையாக விரித்து வைத்துச் சிவப்புப் பென்சிலோடு உட்காருங்கள். ஒரு பையன் திங்கட்கிழமை தோறும் வரமாட்டான். அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்று வகுப்பாசிரியர் மூலம் விசாரியுங்கள். தை பிறந்ததும் சில பெயர்கள் மொத்தமாகக் காணாமல் போகும். குடும்பத்தோடு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போயிருப்பார்கள். போன பிறகு தேடிப் பயனில்லை. மார்கழியிலேயே அந்தந்த வீட்டுக்குப் போய், எந்த ஊர், எத்தனை மாதம் என்று கேளுங்கள். பாட்டி வீட்டில் பிள்ளையை விட முடியுமா, முடியாவிட்டால் சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் உட்கார வைக்க முடியுமா என்று அப்போதே பேசி, அந்தப் பள்ளித் தலைமையாசிரியரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளின் பக்கத்தைத் தனியாகப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராதவர்கள் இருந்தால், கழிப்பறைக்குள் நீங்களே போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். ஆண் தலைமையாசிரியராக இருந்தால் ஓர் ஆசிரியையை அனுப்புங்கள். நான் பொறுப்பேற்ற ஒரு பள்ளியில் கட்டடம் இருந்தது, தண்ணீர் வந்தது, புது யுகம் திட்டத்தில் நாப்கினும் வந்தது. உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிப்பாள். பிடிக்க ஆள் இல்லாத நாளில் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடும். கடைத்தெருவில் தாழ்ப்பாளும், பையை மாட்ட ஆணியும், மூடி போட்ட வாளியும் வாங்கினோம். தச்சர் வந்து ஒரு மதியத்தில் முடித்துவிட்டார். இன்னொன்று, கழிப்பறைச் சாவி ஆசிரியர் அறையில் தொங்கினால் உடனே இடம் மாற்றுங்கள். ஆண் ஆசிரியரிடம் போய்ச் சாவி கேட்கிற அளவுக்கு எந்தப் பெண் பிள்ளைக்கும் மனசு வராது.

அடுத்தது பசி. 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். போன வருடம் வரை பள்ளியில் சாப்பிட்ட அதே பிள்ளை ஆறாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு உங்கள் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்கும். அதனால் கூட்டத்தைச் சுருக்கமாக முடியுங்கள். "யார் சாப்பிடல, கை தூக்கு" என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். வகுப்பாசிரியருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். முன்னாள் மாணவர்களிடம் சொன்னால் வாழைப்பழமும் பொட்டுக்கடலையும் வாங்கித் தருவார்கள். இரும்புச்சத்து மாத்திரையை எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். அடுத்த வாரம் பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிந்துவிடுவார்கள்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டி உங்கள் அறை வாசலில் இருந்தால் அதில் ஒரு காகிதமும் விழாது. பிள்ளை தனியாக வந்து போகிற இடத்தில் வையுங்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நல்லது. திறக்கும்போது ஓர் ஆசிரியையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய் ஒருவரும் கூட இருக்கட்டும். கையெழுத்து யாருடையது என்று ஆராயாதீர்கள்.

பாலியல் தொல்லை பற்றி ஒரு வரி வந்தாலும் தலைமையாசிரியராக உங்களுக்கு ஒரே வழிதான். அன்றைக்கே காவல் துறைக்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்குள்ளேயே விசாரணை வைக்கக் கூடாது. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். "பொண்ணோட எதிர்காலம் கெட்டுடும், பேசி முடிச்சிக்கலாம்" என்பார்கள். மரியாதையாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், ஆனால் இடம் கொடுக்காதீர்கள். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றம் தெரிந்தும் சொல்லாத நிறுவனத் தலைமைக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. தண்டனைக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். கூட்டத்துக்கு வந்தால் தாய்மார்களுக்கு அன்றைய கூலி போய்விடும். அதனால் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். ஊராரிடம் பொதுவாக "உதவி செய்யுங்க" என்று கேட்டால் நகராது. இரண்டு மின்விசிறி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஐந்தாம் வகுப்புக்குப் பாய் என்று கேளுங்கள். காமராசர் காலத்தில் கல்வித் துறையை நடத்திய நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை இப்படித்தான் நடத்தினார். பள்ளிக்கு என்னென்ன தேவை என்ற பட்டியல் ஊர் முன்னால் போனது, ஆளுக்கொன்றாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள். மதிய உணவுக்கும் அவர் ஊராரின் கையைத்தான் முதலில் தேடினார். கீழ்மட்ட அதிகாரியாக ஊர் ஊராகச் சுற்றியவர் என்பதால் அவருக்கு அது கைவந்தது என்று நான் நம்புகிறேன்.

மேலே போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்குப் பதவி உயர்வும் உண்டு, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நேரடித் தேர்வும் உண்டு. மாவட்டக் கல்வி அலுவலருக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1சி எழுதலாம். ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதாதவர்கள் இனியும் தள்ளிப் போடாதீர்கள். பதவி உயர்வுக்கும் அது வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அலுவலராகப் போனாலும், பள்ளிப் பார்வையின்போது முதலில் கழிப்பறைக் கதவைச் சாத்திப் பாருங்கள், அப்புறம் கோப்பைக் கேளுங்கள்.

மாறுதல் எப்போது வேண்டுமானாலும் வரும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தக் குடும்பம் எந்த மாதம் ஊரைவிட்டுப் போகும், எந்தப் பிள்ளை பாட்டியோடு இருக்கிறது, தச்சர் யார், ஊரில் யாரிடம் என்ன கேட்டால் நடக்கும் என்று எழுதி வையுங்கள். பெட்டியில் வந்த எதையும் அதில் எழுதாதீர்கள். பொறுப்பை ஒப்படைக்கும் அன்று, சாவிக் கொத்தோடு அந்த நோட்டையும் புதியவர் கையில் கொடுத்து, ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்புங்கள்.