கைப்பேசி உங்கள் இருப்பிடத்தைச் சொல்லாமலிருக்க

டார்ச் செயலி ஒன்று நீங்கள் இருக்கும் இடத்தை அறிய அனுமதி கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் இருப்பிடம் என்ற பகுதியைத் திறந்தால், எந்தெந்தச் செயலிகளுக்கு எப்போதும் அனுமதி உள்ளது என்பது தெரியும். வரைபடம், வாடகைக் கார் போன்றவற்றுக்கு அவற்றைப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் அனுமதித்தால் போதும். 2021இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 12 முதல், துல்லியமான இடத்துக்குப் பதிலாகத் தோராயமான இடத்தை மட்டும் தர முடியும் என்பதால், வானிலைச் செயலிக்கு (மழை வருமா என்று சொல்ல அதற்கு உங்கள் தெரு எதற்கு?) அதையே தேர்ந்தெடுங்கள்.

திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி தோன்றினால், ஏதோ ஒரு செயலி கேமராவையோ மைக்கையோ பயன்படுத்துகிறது என்று பொருள். இவ்வளவு செய்தாலும், கைப்பேசி இணைந்திருக்கும் கோபுரத்தைக் கொண்டு நீங்கள் இருக்கும் பகுதியைத் தொலைத்தொடர்பு நிறுவனம் அறிந்துகொண்டேதான் இருக்கும். அதை எந்த அனுமதி அமைப்பும் தடுக்காது.