மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய நாளாகும், அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை

தஞ்சாவூரோ மன்னார்குடியோ, டெல்டாவில் எந்த ஊர் டாக்டரிடம் காட்டினாலும் மனச்சோர்வுக்கு முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரி மாத்திரைதான். குமட்டலும் தலைவலியும் முதல் வாரமே வந்துவிடும், பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுசாகத் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகும். "மருந்து கேக்கலை" என்று பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் தூக்கிப் போடாமல் அதன் பின்னால் குறித்து வையுங்கள்: நோயாளி எப்போது தூங்கினார், விடிகாலை 3 மணிக்கே முழிப்பு வந்ததா, சாப்பிட்டாரா. மறதியையும் எழுதுங்கள். நாற்றுக்கட்டு எண்ண ஆரம்பித்து பாதியில் குழம்பிப் போவது, குழம்புக்கு உப்பு போட்டோமா என்று தெரியாமல் அடுப்படியில் நிற்பது, இதெல்லாம் சோம்பேறித்தனம் இல்லை, நோய்தான். மனசு தேறிய பிறகும் இந்தத் தடுமாற்றம் மட்டும் கொஞ்ச நாள் இருக்கலாம், அதனால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். தைராய்டு, பி12 பார்க்கலாமா என்றும் கேளுங்கள், அவை குறைந்தாலும் இப்படி மறதி வரும்.

சரி, சீக்கிரம் கேட்கிற மருந்தே இல்லையா? இருக்கிறது. மயக்க மருந்தான கெட்டமைனைக் குறைந்த அளவில் ஏற்றினால் சில மணி நேரத்திலேயே மனச்சோர்வு குறைவதை 2000-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூளையில் சேதி கடத்தும் ரசாயனங்களில் வழக்கமான மாத்திரைகள் செரட்டோனின் வழியாகப் போக, இது குளுட்டமேட் என்ற வேறொன்றின் வழியாக வேலை செய்கிறது. இதிலிருந்து வந்த எஸ்கெட்டமைன் மூக்கு ஸ்பிரேவுக்கு அமெரிக்கா 2019-ல் அனுமதி தந்தது. அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட முடியாது, ரத்த அழுத்தம் ஏறலாம், சுற்றி நடப்பதெல்லாம் விலகி நிற்பது போல் தோன்றலாம், அதனால் 2 மணி நேரமாவது ஆஸ்பத்திரியிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். கெட்டமைன் ஒரு தடவை ஏற்றினால் பலன் சில நாளில் வடிந்துவிடும்.

ஆகவே இது முதல் மருந்து இல்லை. இரண்டு மாத்திரையை முழு அளவில், போதிய நாள் சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: "கெட்டமைன் எங்களுக்குப் பொருந்துமா, ஈசிடி பொருந்துமா?" ஈசிடி, அதாவது மூளைக்கு லேசாக மின்சாரம் கொடுக்கும் சிகிச்சை, என்றதும் சினிமாவை நினைத்துப் பயப்படாதீர்கள். மயக்கம் கொடுத்துச் செய்கிற, மாத்திரையைவிடச் சீக்கிரம் பலன் தருகிற நல்ல சிகிச்சை அது, கொஞ்ச நாள் மறதி இருக்கலாம்.

அப்புறம், மாத்திரை தொடங்கிய அன்றே பூச்சிமருந்தை வீட்டைவிட்டு எடுத்துவிடுங்கள். திண்ணை மூலையிலோ மாட்டுக்கொட்டகையிலோ மீதி டப்பா கிடக்கும், சொந்தக்காரர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.