வறண்ட குழி சொல்லும் பொய்: செப்டிக் டேங்குக்கு மனையை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் என்னிடம் பணி பழகும் இளைஞர் ஒருவர் கொண்டுவந்த மனை அறிக்கையில், "2 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டப்பட்டது, நீர் இல்லை, எனவே நிலத்தடி நீர்மட்டம் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அறிக்கையிலும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான் இருந்தது. கிணற்றுக்கு அருகில் உறிஞ்சு வாய்க்கால் (தொட்டியிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணுக்குள் இறங்கவிடும் வாய்க்கால்) வைக்கக் கூடாது, பாறைமேல் வைக்கக் கூடாது என்பவற்றை எல்லாரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, அறிந்தவர்களே செய்யும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

தொட்டியைப் பார்த்து மண்ணை மறப்பது

மனை உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி, தொட்டி எத்தனை லிட்டர் என்பதாகவே இருக்கிறது. தொட்டி செய்யும் வேலை மிகச் சிறியது: கனமான கசடு அடியில் தங்குகிறது, எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது, இடையில் உள்ள நீர் வெளியேறுகிறது. அந்த நீர் தெளிவாகத் தெரிந்தாலும் நோய்க்கிருமிகள் நிறைந்தது. அதைத் தூய்மைப்படுத்துவது, துளையிட்ட குழாயும் ஜல்லியும் இட்ட வாய்க்காலுக்குக் கீழே, காற்று புகுந்து வெளியேறும், நீர் தேங்காத மண். மனையை ஆராய்வது என்றால் அந்த மண் போதிய ஆழத்துக்கு இருக்கிறதா என்று ஆராய்வதுதான்.

வறண்ட குழியை நம்புவது

இன்றளவும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுவே. கோடையில் தோண்டிய குழி, அன்றைய நீர்மட்டத்தை மட்டுமே காட்டும். வாய்க்காலுக்கு முக்கியமானது, ஆண்டின் மிக ஈரமான வாரங்களில் நீர் எவ்வளவு மேலே ஏறுகிறது என்பது. வாய்க்காலின் அடிமட்டத்துக்கும் அந்த உச்ச நீர்மட்டத்துக்கும் இடையே பொதுவாக 60 முதல் 120 சென்டிமீட்டர் வரை நீர் தேங்காத மண் இருக்க வேண்டும் என்று பல இடங்களின் விதிகள் கேட்கின்றன. அந்த இடைவெளி இல்லாவிட்டால் கழிவுநீர் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரில் கலக்கும். அல்லது போக இடமின்றித் திரும்பி மேலே வரும்.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாதபோது என்ன செய்வது? மண்ணின் நிறத்தைப் படிக்க வேண்டும். மண்ணில் நீர் தேங்கி நிற்கும்போது நுண்ணுயிர்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, பின்னர் இரும்பை வேதிமாற்றம் செய்கின்றன. அப்படி மாறிய இரும்பு நீரில் கரைந்து நகர்ந்துவிடுவதால் அந்த இடம் சாம்பல் நிறமாகிறது. நகர்ந்த இரும்பு, காற்றுப் படும் இடத்தில், குறிப்பாக வேர் சென்ற பாதைகளிலும் வெடிப்புகளிலும், மீண்டும் துருவாகப் படிகிறது. நீர் வடிந்து மாதங்கள் ஆன பின்னும் இந்தச் சாம்பல் திட்டுகளும் துருப் புள்ளிகளும் அழிவதில்லை. சாம்பல் திட்டும் துருப் புள்ளியும் சேர்ந்து முதன்முதலாகத் தென்படும் ஆழத்தையே உச்ச நீர்மட்டமாகக் கொள்வது வழக்கம்.

நான் செய்த தவறு, இவற்றைப் பார்க்கத் தவறியது அல்ல என்பதுதான் வேதனை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்த அந்த மனையின் குழிச் சுவரிலிருந்து 70 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மண்கட்டியைப் பெயர்த்துக் கையால் உடைத்தேன். உள்ளே ஈரச் சாம்பலைப் போன்ற நிறம். அதன் ஊடே, செத்துப்போன வேர் விட்டுச்சென்ற நூலளவுத் துளைகளைச் சுற்றி ஆரஞ்சு வளையங்கள். "சாம்பல் மண், துருப் புள்ளிகளுடன்" என்று என் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறேன். குழி வறண்டிருந்ததால், அந்த வரியை மண்ணைப் பற்றிய ஒரு வருணனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, மனை தகுதியானது என்று கையெழுத்திட்டேன். வாய்க்காலும் ஏறக்குறைய அதே 70 சென்டிமீட்டர் ஆழத்தில் அமைந்தது.

வீட்டில் குடியேறிய முதல் மழைக்காலத்தில் கழிப்பறைகளில் நீர் இறங்க மறுத்தது. தோட்டத்துப் புல் ஒரு நீண்ட பட்டையாக மட்டும் ஈரமாகி நாறியது. தோண்டிப் பார்த்தபோது குழாய் நீருக்குள் மூழ்கிக் கிடந்தது. தொட்டியை இரண்டு முறை காலி செய்தும், ஓரிரு நாட்களில் அது மறுபடி நிரம்பியது. கடைசியில் மணல் கொண்டுவந்து மேடு அமைத்து, அதற்குள் பம்ப் மூலம் கழிவுநீரை ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்கான செலவு, முதலில் போட்ட அமைப்பின் செலவைத் தாண்டிவிட்டது. உரிமையாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரும்பு குறைந்த மண்ணில் புள்ளிகள் தோன்றாமல் போகலாம்; பிறவியிலேயே ஆழ்ந்த சிவப்பு நிறம் கொண்ட சில மண்வகைகள் அவற்றை மறைத்துவிடும்; பிற்காலத்தில் வடிகால் வெட்டப்பட்ட நிலத்தில் பழைய புள்ளிகள் எஞ்சியிருக்கலாம். ஆகையால் நிறத்தோடு, நிலத்தின் கிடப்பையும் அங்கு தானாக முளைத்திருக்கும் செடிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பள்ளத்தில் கோரை மண்டியிருந்தால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

காய்ந்த மண்ணில் உறிஞ்சு சோதனை

பெர்கோலேஷன் டெஸ்ட் எனப்படும் சோதனையில், சிறு குழியில் நீர் ஊற்றி 2.5 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளக்கிறோம். காய்ந்த களிமண்ணில் வெடிப்புகள் இருப்பதால் முதலில் ஊற்றும் நீர் ஓடி மறைந்துவிடும். அந்த மண் ஊறி உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொண்டு வேகம் பல மடங்கு குறையும். எனவே முந்தைய நாளே குழியை நிரப்பி இரவு முழுதும் ஊறவிட்ட பிறகே அளக்க வேண்டும். கருவி தேய்த்து மெழுகிவிட்ட குழிச் சுவரைக் கீறிவிடவும் வேண்டும். மெழுகிய சுவர் நீரை விடாது. அவசரத்தில் ஊறவைக்காமல் எடுத்த அளவை நான் படிப்பதுகூட இல்லை.

வேகமாக இறங்கினால் நல்லது என்று மகிழ்வது

அந்தச் சோதனையில் 2.5 சென்டிமீட்டர் இறங்க 60 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் சாதாரண வாய்க்கால் பெரும்பாலும் ஒத்துவராது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும் பருமணலும் சரளையும் அதே அளவு ஆபத்தானவை என்பது புரிவதில்லை. மண்ணில் தங்க நேரமில்லாத நீர், வடிகட்டப்படவும் நேரமில்லாத நீர்.

ஒரே ஒரு குழி தோண்டுவது

வாய்க்கால் வரும் பரப்பின் இரு முனைகளிலாவது தோண்டுங்கள்.

கொட்டிய மண்ணைச் சொந்த மண்ணாகக் கொள்வது

செங்கல் துண்டோ பிளாஸ்டிக்கோ தென்பட்டால் அதற்குக் கீழிருந்துதான் ஆழத்தை எண்ண வேண்டும்.

மாற்றிடம் ஒதுக்காமல் வீட்டை வரைவது

எந்த வாய்க்காலும் காலப்போக்கில் அடைபடும். அதன் அடியிலும் பக்கங்களிலும் படியும் கரிய வழுவழுப்பான படலம் தடித்துக்கொண்டே போகும். அந்நாளில் புதிதாக ஒன்றை அமைக்க, அதே அளவு தகுதியான நிலம் மனையில் மீதமிருக்க வேண்டும். அதை வரைபடத்தில் குறித்தால் மட்டும் போதாது. கட்டுமானம் தொடங்கும் முன்பே கயிறு கட்டி அடைத்துவிட வேண்டும். தகுதியானது என்று நான் எழுதிக் கொடுத்த ஒரு பரப்பில், அடுத்த வாரமே செங்கல் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. மண் அழுந்தி இறுகிய சக்கரத் தடங்களில் மூன்று நாட்களாக மழைநீர் இறங்காமல் நின்றது. அந்த மனைக்கான அறிக்கையை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.