வீண் வேலையைக் குறைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

அலுவலகத்தில் வேலை தேங்கினால் உடனே தோன்றும் யோசனைகள் இரண்டு: இன்னும் ஆள் எடுக்கலாம், இல்லையென்றால் ஒரு சாஃப்ட்வேர் வாங்கலாம். இரண்டுமே, நடக்கிற வேலை அத்தனையும் தேவையானது என்று எடுத்துக்கொண்டு கிளம்புகின்றன. பெரிய தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஃபோர்டு நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹாமர் 1990இல் எழுதிய கட்டுரையால் இது பிரபலமானது. 1980களின் தொடக்கத்தில், வட அமெரிக்காவில் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் ஃபோர்டுக்கு 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள். கம்ப்யூட்டரைப் புகுத்தினால் 400 பேரோடு சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அப்புறம் ஜப்பானியக் கார் நிறுவனமான மஸ்தாவைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு 5 பேர். மஸ்தா சிறிய நிறுவனம்தான், ஆனாலும் அளவை வைத்து மட்டும் விளக்கிவிட முடியாத வித்தியாசம் அது.

ஃபோர்டில் ஆர்டர், சரக்கு வந்ததற்கான ரசீது, சப்ளையர் அனுப்பும் இன்வாய்ஸ் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போகும். ஒத்துப்போகாதவற்றைத் துருவுவதில்தான் ஊழியர்களின் நேரம் பெரும்பாலும் கழிந்தது. அந்தத் துருவலை வேகப்படுத்த ஃபோர்டு முயலவில்லை. இன்வாய்ஸையே எடுத்துவிட்டார்கள். வந்த சரக்கு கம்ப்யூட்டரில் இருக்கும் ஆர்டரோடு பொருந்தினால் வாங்கிக்கொள்வது, பணம் தானாகப் போய்விடும். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவது. அந்தப் பிரிவில் ஆள் தேவை 75 சதவீதம் குறைந்தது. பழைய முறையை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால், வீண் வேலையையே இன்னும் வேகமாகச் செய்துகொண்டிருப்பார்கள்.

சரி, எது வீண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேலாளர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, போர்டில் கட்டமும் அம்புக்குறியும் வரைவதுதான் வழக்கம். அதில் கிடைப்பது, வேலை எப்படி நடக்க வேண்டும் என்கிற படம். உண்மையில் நடப்பது வேறாக இருக்கும். சிஸ்டத்தில் இடம் இல்லாத விவரத்துக்கு ஒருவர் தனியாக ஓர் எக்செல் வைத்திருப்பார். இன்னொருவர் தினமும் போன் செய்து ஒரே எண்ணைக் கேட்டு வாங்குவார். இவை எந்தப் படத்திலும் வராது. அதனால் ஒரு விண்ணப்பத்தையோ ஓர் ஆர்டரையோ கையில் எடுத்துக்கொண்டு, அது போகும் மேசைக்கெல்லாம் நீங்களும் போங்கள். வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அப்படிப் போகும்போது ஆட்களின் பரபரப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கோப்பு எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடக் கையெழுத்துக்காக மூன்று நாள் காத்திருக்கிற கோப்பு எல்லா இடத்திலும் உண்டு. அந்த ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைத்து யாருக்கு என்ன லாபம்? அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி இங்கே கைகொடுக்கும்: நிலுவையை, ஒரு நாளில் முடிவதால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். நிலுவையில் 200 கோப்பு, ஒரு நாளில் முடிவது 20 என்றால், உள்ளே வரும் ஒரு கோப்பு வெளியேற சராசரியாக 10 நாள் ஆகும். நிலுவையைக் குறைக்காமல் ஆட்களை மட்டும் விரட்டுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது.

ஒப்புதல்கள் தனிக்கதை. எங்கோ ஒரு பிழை நடக்கும், உடனே ஒரு கையெழுத்து கூடும். பிழை மறந்துபோன பிறகும் கையெழுத்து நிற்கும். நாலு பேர் கையெழுத்துப் போடுகிற இடத்தில், மற்ற மூவர் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்புவதால், சரிபார்ப்பு உண்மையில் பலவீனமாகிறது என்பது என் உறுதியான எண்ணம். சிறிய தொகைக்கு ஒரு வரம்பு வைத்து, கீழே இருப்பவரே முடிவெடுக்க விடலாம்.

ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுவதும் தவறுதான். ஆர்டர் போடுபவர் ஒருவர், பணத்துக்கு ஒப்புதல் தருபவர் வேறொருவர் என்றிருப்பது வெளியிலிருந்து பார்க்க இரட்டை வேலை போலத் தெரியும். மோசடியைத் தடுக்கிற பிரிப்பு அது. ஒரு படியை நீக்குமுன், அது எப்போது, எதற்காக வந்தது என்று கேட்டுவிடுங்கள். யாரும் படிக்காத ரிப்போர்ட் என்று சந்தேகம் வந்தால், சட்டமோ தணிக்கையோ அதைக் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம்.

இன்னொன்று, ஒரு பிரிவில் குறைத்த வேலை அடுத்த பிரிவின் தலையில் விழுவது. விண்ணப்பப் படிவத்தில் பாதிக் கேள்விகளை எடுத்துவிட்டு ஒரு பிரிவு பெருமைப்படும். விடுபட்ட விவரத்துக்காக அடுத்த பிரிவு வாடிக்கையாளரைத் திரும்பத் திரும்ப அழைக்கும். அதனால் வாடிக்கையாளர் கேட்ட நேரத்திலிருந்து அவர் கைக்குக் கிடைக்கிற நேரம் வரை முழுதாகக் கணக்கெடுக்க வேண்டும். “என் விண்ணப்பம் என்ன ஆச்சு?” என்று வரும் அழைப்புகளையும் எண்ணுங்கள். முதலிலேயே வேலை ஒழுங்காக முடிந்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவை வந்தே இருக்காது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கடைசித் தவறு. எது வீண் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் அதைத் தினமும் செய்கிற ஊழியர்கள்தான். அவர்கள் சொன்னதைக் கேட்டு வேலையைக் குறைத்துவிட்டு, அவர்களையே வீட்டுக்கு அனுப்பினால், அதற்கப்புறம் அந்த நிறுவனத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மிச்சமாகும் நேரத்தில் யார் என்ன செய்யப்போகிறார்கள், யாருக்காவது வேலை போகுமா என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே முடிவு செய்து, எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.